உண்டியலில் எக்ஸ் எத்தனை?

"அப்பா, உண்டியல் கணக்கு!" என்று மகள் நோட்டை நீட்டியதும் கணக்குப்பிள்ளை ஓரடி பின்வாங்கினார்.

டயர் கடையில் கணக்கு எழுதுவதால் வீட்டிலும் அவருக்கு அதே பெயர். ஆனால் பயம் கணக்கைப் பார்த்து அல்ல. ஐந்து ரூபாயாகவே இருபது நாணயங்கள் மகள் சேர்த்து வைத்திருந்த தகர உண்டியலின் அடிமூடியைத் திறந்து, டீ செலவுக்கென்று அவ்வப்போது ஒன்றை உருவிக்கொண்டிருந்தார். குலுக்கினால் சத்தம் குறையக் கூடாதே என்று எடுத்த இடத்தில் ஓர் இரண்டு ரூபாயை வைத்துவிடுவார். இதுவரை ஒன்பது தடவை. குட்டு உடைந்தால் பெற்ற பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

"ரெண்டு ரூபாயும் அஞ்சு ரூபாயுமா பன்னெண்டு நாணயம். மொத்தம் முப்பத்தாறு ரூபா. அஞ்சு ரூபா எத்தனை?"

இவள் இதைக் கற்றுக்கொண்டால் ஆபத்து. "ரெண்டும் அஞ்சும் ஏழு. முப்பத்தாறை ஏழால வகு."

"அஞ்சே சொச்சம் வருது. நாணயத்தை வெட்டுவாங்களாப்பா?"

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "கடையிலயும் இப்படித்தான் கணக்கு எழுதறீங்களா?"

மானம் போகிறதே! ரோஷத்தில் சரியாகவே சொல்லிவிட்டார். "அஞ்சு ரூபா நாணயம் எக்ஸ். பன்னெண்டுல எக்ஸ் போக மீதி ரெண்டு ரூபா. அஞ்சு எக்ஸோட, அந்த மீதியை ரெண்டால பெருக்கிக் கூட்டினா முப்பத்தாறு. சுருக்கினா மூணு எக்ஸ் பன்னெண்டு. எக்ஸ் நாலு!"

மகள் துள்ளினாள். "அட! எண்ணிக்கையும் தொகையும் தெரிஞ்சா எந்த உண்டியலையும் கண்டுபிடிச்சிடலாமா? என்னோடதைப் போட்டுப் பார்ப்போம்!"

"உன்னோடதுல எல்லாமே அஞ்சு ரூபாதானேம்மா. எக்ஸுக்கு அங்க என்ன வேலை?"

"சரியா வருதான்னு பார்க்கணும்ல?"

நுணலும் தன் வாயால் கெடும். அவர் தடுப்பதற்குள் உண்டியல் வந்துவிட்டது, மூடி திறந்து நாணயங்கள் தரையில் கொட்டியும்விட்டன. எழுபத்து மூன்று ரூபாய்தான் தேறும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இருபது நாணயம், நூறு ரூபா! சரியா இருக்குப்பா!" என்று மகள் நோட்டை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கண்ணைத் திறந்து தரையைத் துழாவினார். மருந்துக்குக்கூட ஓர் இரண்டு ரூபாய் இல்லை.

அடுப்படியிலிருந்து வந்த மனைவி குனிந்து காதோரம் சொன்னாள்: "நீங்க வெச்ச ரெண்டு ரூபாயை எல்லாம் எடுத்துட்டு, உங்க சட்டைப் பையிலருந்தே அஞ்சஞ்சு ரூபாயா உருவிப் போட்டுட்டேன். வீட்டுல ஒருத்தராவது நாணயமா இருக்க வேணாமா?"