ஹார்ட்னருக்குக் குடை பிடித்தவர்

வெயிலுக்குக் குடை பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், மழைக்குப் பிடிக்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரசாயனத்துக்குக் குடை பிடிக்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான், அவர் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் இருக்கிறார். சந்தேகம் இருந்தால் பஸ் ஏறி வாருங்கள். சுங்க வாசலில் "குடைக்காரர்" என்று கேட்டால் போதும். சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது.

தொழில், சுங்க முகவர். வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களுக்கு அனுமதி எடுத்து வெளியே கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் முதலில் சாமானிடம் சுகம் விசாரிப்பார். பெட்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை உரக்க வாசிப்பார். 'வெயில் படக்கூடாது' என்றிருந்தால் அந்த நிமிடமே குடை விரியும். ஒருமுறை பெயின்ட் கடைக்காரர் ஒருவர் பெயின்டில் கலக்கும் தின்னர் பீப்பாய்மேல் குந்திக்கொண்டு சிகரெட்டை எடுத்திருக்கிறார். குடைக்காரர் குடைப்பிடியின் வளைவைச் சட்டைக் கழுத்தில் மாட்டி அவரைக் கீழே இறக்கினார். பிறகு, "உனக்கு ஒண்டும் இல்லையே?" என்று பீப்பாயைத் தடவிக் கேட்டாராம்.

நான் கிண்ணியாவில் ஹாஜியார் ஒருவரின் பைபர் படகுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பைபர் படகுக்கு ரெசின் என்கிற பிசின் வேண்டும். அதை இறுகவைக்க ஹார்ட்னரும், இறுகுவதை விரைவாக்க கோபால்ட் என்கிற ஊதாத் திரவமும் வேண்டும். ஹார்ட்னரும் கோபால்ட்டும் தீர்ந்துபோய், கட்டைபறிச்சான் ஊர் மீனவர்களுக்குச் செய்த படகுகள் பாதியில் நின்றன. மாரி முடிந்து கடல் அடங்கும்போது படகு இல்லாவிட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பெரியாது, ஹாஜியார் அவர்கள் முகத்தில் விழிக்கவும் முடியாது.

ஹாஜியார் தானே வெளிநாட்டுக்குப் பேசி இரண்டையும் தருவித்தார். பட்டறையில் ஒன்றாகக் கிடந்து வேலை செய்கிற சாமான்கள்தானே என்று இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்கச் சொல்லிவிட்டார். லைசன்ஸும் ஹார்ட்னருக்கு மட்டும்தான் எடுத்திருந்தார். அனுப்பியவனும் அவரைப் போலவே ஒரு சிக்கனக்காரன், அப்படியே ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டான்.

பெட்டி வந்தது. அதை வெளியே எடுக்க ஹாஜியார் பிடித்திருந்த முகவர் குடைக்காரர்தான். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நேரே சுங்க அதிகாரியிடம் போய்த் தன் கட்சிக்காரரையே காட்டிக்கொடுத்தார்.

"சேர், இதுக்குள்ள லைசன்ஸ் இல்லாத சாமானும் கிடக்கு. ரெண்டும் நேரடியாக் கலந்தா வெடிக்கும். பிரிச்சு வையுங்கோ."

'வெடிக்கும்' என்ற சொல் காதில் விழுந்ததும் களஞ்சியப் பொறுப்பாளர் ஹார்ட்னரை உள்ளே எடுக்கவே மறுத்துவிட்டார். பெட்டியும் தடுக்கப்பட்டது. ஹாஜியார் கொதித்துப்போனார்.

"தம்பி, இந்த மனிசன் நம்மட ஆளா, கஸ்டம்ஸ்ட ஆளா?"

நான் தூது போனேன். பாதிக் கூரை பறந்துபோன ஒரு கொட்டகையில் ஹார்ட்னர் கேன்களுக்குச் சூடேறாமல் ஈரச்சாக்குப் போர்த்தி, குடையும் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். கோபால்ட் தனியாகத் தூரத்தில் இருந்தது.

"ஐயா, நீங்கள் பேசாம இருந்திருந்தா சாமான் வெளிய வந்திருக்குமே?"

"ஓம், வந்திருக்கும். லொறி குலுங்கி ரெண்டும் ஒழுகியிருந்தா? படகும் இல்லை, பட்டறையும் இல்லை, நீங்களும் இல்லை."

"கடல் அடங்கப் போகுதே!"

"அதுக்கு முந்தி எடுத்துத் தருவன். ஏலாதெண்டு நான் எப்ப சொன்னனான்?"

சொல்லிவிட்டுக் குடையை என் கையில் திணித்தார். கோபால்ட்டுக்கு லைசன்ஸ் எடுக்கக் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார்.

சுங்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சண்டை பிடிக்க வந்த ஹாஜியார் கேனில் இருந்த எச்சரிக்கையை முதல்முறையாக வாசித்தார். வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனார், சாக்கை நனைக்க.

அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கேட்ட விளக்கமெல்லாம் சொல்லி, லைசன்ஸோடுதான் குடைக்காரர் திரும்பினார். சாமான்கள் வெளியே வந்தன. ஒரே லொறியில் ஏற்ற விடவில்லை, இரண்டு லொறி பிடிக்கவைத்தார். ஹார்ட்னர் லொறியின் முன்னால் தானே ஏறிக் கிண்ணியாவரை வந்து, மேடுபள்ளம் வரும்போதெல்லாம் சாரதியை அதட்டினார். கடல் அடங்கிய அன்று படகுகள் தண்ணீரில் நின்றன. அன்று முதல் ஹாஜியாருக்கு வேறு முகவரின் கதையே பிடிப்பதில்லை.

போன வாரம் துறைமுகப் பக்கம் போனேன். நல்ல மழை. குடைக்காரர் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார். குடை யாரோ ஒருவருடைய பெட்டிக்குமேல் இருந்தது. நான் என் குடையை அவர் தலைக்குமேல் பிடித்தேன்.

"என்ன தம்பி, எனக்கும் லேபல் ஒட்டியிருக்கோ?" என்றார்.

ஒட்டியிருக்கவில்லைதான். ஆனாலும் வெயில், மழை படாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய மனிதர் அவர்.