எவரிஸ்தோவுக்கு மீன் ஆகாது

கசில்டா பொரித்த கணவாய் மீன் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தபோது, எவரிஸ்தோவின் வயிற்றில் ஏற்கெனவே ஒரு தட்டுக் கணவாய் இருந்தது. அதுவும் வேறு கடைக் கணவாய்.

"சாப்பிடு மகனே, ஆறிடப் போகுது," என்றாள் கசில்டா. வாடிக்கையாளர்கள் எல்லோருமே அவளுக்கு மகன்தான். எவரிஸ்தோவுக்கு ஐம்பத்தெட்டு வயது.

எவரிஸ்தோ எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார். சாறு தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்.

"என்ன, கணவாயைக் குளிப்பாட்டுறியா?"

"இல்ல கசில்டா... இன்னைக்கு என்னவோ..."

"என்னவோன்னா? எண்ணெய் சரியில்லையா? மாவு தடிச்சிருக்கா? வாயைத் திறந்து சொல்லு."

ஸ்பெயினில், உவெல்வா ஊர்க்காரன் கட்சி மாறினால் நாலு நாள் பேசுவார்கள். பெண்டாட்டியை விட்டுப் போனால் ஒரு மாதம் பேசுவார்கள். மதியம் நின்று குடிக்கிற கடையை மாற்றினால் அவன் பேரப்பிள்ளைகள் காதிலும் விழும்படி பேசுவார்கள். சாவி வெட்டும் கடை வைத்திருக்கும் எவரிஸ்தோ, மீசை அரும்பிய நாளிலிருந்து கசில்டாவின் ‘நங்கூரம்’ கடையில்தான் நிற்கிறார். பீர்க் குழாய்க்குப் பக்கத்து மூலை அவருடையது. சனிக்கிழமை மதியம் கடை நிரம்பி, காலடியில் இறால் தோலும் கசங்கிய காகிதத் துண்டுகளும் நொறுங்குகிற கூட்டத்திலும், அவர் வரும்வரை அந்த மூலையில் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த மரியாதை அவருக்கு வீட்டில்கூடக் கிடையாது.

வினை, பின்தெருவில் புதிதாக வந்த ‘கலங்கரை’ என்ற கடையால் வந்தது. வெள்ளை டைல்ஸ், மெல்லிய பாட்டு, ஒரு காதில் கடுக்கன் போட்ட அத்ரியான் என்ற பரிமாறும் பையன். ஷட்டர் பூட்டு மாட்டித் தர எவரிஸ்தோவைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் மரியாதைக்கு ஒரு தட்டுக் கணவாய் வைத்தார்கள். அவரும் மரியாதைக்கு ஒரு துண்டு வாயில் போட்டார். வெண்ணெயாகக் கரைந்தது. மறுநாள், பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் போனார். அதற்கு மறுநாளும் போனார். உலகத்தில் அத்தனை அக்கறையாகக் கவனிக்கப்பட்ட பூட்டு வேறொன்று இருக்க முடியாது.

கசில்டாவின் கண்ணில் படாமலிருக்க, தேவாலயத்தைச் சுற்றி, சந்தைக்குள் புகுந்து, ஊரையே வலம் வந்து அந்தக் கடைக்குப் போவார். ஏனென்றால் கசில்டா ஏற்கெனவே கல்லா பக்கம் நின்று அறிவித்திருந்தாள்:

"அந்த டைல்ஸ் கடையா? ஆஸ்பத்திரின்னு நெனச்சு நாலு பேர் உள்ள போயிருப்பான். அங்க கை நனைச்சவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

இப்போது அந்தக் கசில்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறாள். எவரிஸ்தோ திருதிருவென்று முழித்தார். அப்போதுதான் வாயில் அந்தச் சொல் வந்தது.

"யூரிக் ஆசிட்."

"என்னது?"

"டாக்டர் சொல்லிட்டாங்க. மீன், இறால், மட்டி, கணவாய் எதுவும் கூடாதாம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

கசில்டாவின் முகம் இளகியது. கணவாய்த் தட்டை, ஏதோ துப்பாக்கியை அகற்றுவதுபோல மெதுவாக அகற்றினாள்.

"பாவம்டா நீ! இதை மனசுக்குள்ளயே வச்சிருந்தியா?"

தப்பித்தோம் என்று எவரிஸ்தோ பீரை ஒரே மூச்சில் குடித்தார். குடித்த பிறகுதான் கவனித்தார், கசில்டா இரண்டாவது டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி ஒப்துலியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளா?"

எவரிஸ்தோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எது எத்தனை நாளா?"

"யூரிக் ஆசிட்! கசில்டா போன் பண்ணி அழாத குறை. கட்டினவளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி கடைக்காரிக்குத் தெரியுது. நான் யாரு இந்த வீட்டுல?"

பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒப்துலியாவும் கசில்டாவும் முடி வெட்டிக்கொள்வது ஒரே இடத்தில். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒப்துலியா சொல்லாத ரகசியம் கிடையாது.

"உனக்குக் கவலை வேண்டாமேன்னுதான்..." என்று இழுத்தார்.

"கவலை எனக்கு இருக்கட்டும். உனக்குக் கீரை இருக்கு. உக்காரு."

வேகவைத்த கீரை வந்தது. உப்பில்லை. எண்ணெய் என்ற பேச்சே இல்லை. மறுநாள் ‘நங்கூர’த்திலும் கீரை. மீன் சந்தையில், பார்த்தாலே ரெண்டு நெத்திலியைச் சேர்த்துப் போடும் அம்மாள், "உங்க சம்சாரம் சொல்லிட்டுப் போயிருக்கு. என்னைப் பாவத்துக்கு ஆளாக்காதீங்க" என்று ஐஸ் பெட்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடினாள்.

இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை நண்பன் ஹினெஸ்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், இளகிய மனசு. எவரிஸ்தோ ஏங்கக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு இறால் தின்றான். கண்ணுக்குத் தெரியாதே தவிர, ஒவ்வொரு இறால் தலையையும் அவன் உறிஞ்சுகிற சத்தம் எவரிஸ்தோவின் நெஞ்சில் இறங்கியது.

‘சரி, கலங்கரை இருக்கிறதே’ என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தப் பக்கம் நம் தெரு ஆட்கள் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. தேவாலயத்தைச் சுற்றி, சந்தைக்குள் புகுந்து, வியர்க்க விறுவிறுக்கப் போய் நின்றார்.

"அத்ரியான், ஒரு தட்டுக் கணவாய். பெரிய தட்டு."

அத்ரியான் நெஞ்சில் கை வைத்தான். "தலைவரே, உங்களுக்குத்தான் ஆகாதே."

"எ... எது?"

"யூரிக் ஆசிட்னு கேள்விப்பட்டேன். என் கையால நான் தர மாட்டேன். கீரை இருக்கு, கொண்டாரட்டுமா?"

"உனக்கு யார்ரா சொன்னது?"

"நல்ல மனுஷனுக்கு நோவுன்னா சேதி தானா வந்துடும், தலைவரே."

எவரிஸ்தோ நடுத்தெருவில் நின்று யோசித்தார். இந்த ஊரில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆள் வர ஒரு வாரமாகிறது. ஒருவனுக்கு யூரிக் ஆசிட் வந்தால் மட்டும் அவன் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

*

ஒரே வழிதான் இருந்தது. இல்லாத வியாதி குணமாக வேண்டும். எவரிஸ்தோ டாக்டரம்மாவிடம் போய், ரத்தத்தைக் கொடுத்து, முடிவையும் கேட்டு வாங்கிவிட்டார்.

"உங்க உடம்புல யூரிக் ஆசிட்டே ரொம்பக் கம்மி. யாரு உங்களுக்கு இருக்குன்னு சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

எவரிஸ்தோ நேராக ‘நங்கூர’த்துக்கு ஓடினார்.

"கசில்டா! குணமாயிடுச்சு! சுத்தமா இல்லையாம்! போடு ஒரு தட்டு!"

கடையே கை தட்டியது. கசில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பாத்தீங்களாடா! எல்லாம் என் கீரை!"

"இல்ல கசில்டா, கீரையாலன்னு..."

"பத்து நாள்ல இறங்கியிருக்குன்னா, பாதியில விட்டா திரும்ப ஏறிடும். விடக் கூடாது. இனிமே ரெண்டு தட்டு!"

அன்றிலிருந்து ‘நங்கூரம்’ பலகையில், பூண்டு இறாலுக்கு மேலே, ‘எவரிஸ்தோ கீரை’ என்று சாக்பீஸில் எழுதப்பட்டது. மூட்டு வலிக்காரர்கள், முதுகு வலிக்காரர்கள், கால் வீங்கியவர்கள் எல்லோரும் வந்து எவரிஸ்தோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையிலயா மத்தியானமா? தண்ணியை வடிச்சிடணுமா?" என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னார். கேட்கிறவர்கள் முன்னால் சாப்பிட்டும் காட்ட வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஹினெஸ் முதுகைக் காட்டித் தின்றுகொண்டிருந்தபோது, அவன் இடுப்போரமாகக் கையை நீட்டி, தட்டிலிருந்து ஓர் இறாலைத் தூக்கினார். தலையைப் பிய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். அந்த ஒரு நொடி, பரலோகம் இருக்கிறது என்று அவர் சத்தியமாக நம்பினார்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கசில்டா.

அவள் கத்தவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பு உன் மேல இல்ல மகனே. எங்க மேலதான். நோயாளியை நிக்க வச்சுக்கிட்டு எதிர்லயே இறாலும் மட்டியுமா தின்னா, அவனும் மனுஷன்தானே? இந்தச் சனிக்கிழமை இந்தக் கடையில யாருக்கும் மீன் கிடையாது. எல்லாருக்கும் கீரை. எவரிஸ்தோவுக்காக!"

"யாருக்கும்னா?" என்றான் ஹினெஸ், குரல் நடுங்க.

"யாருக்கும்."

*

சனிக்கிழமை மதியம் ‘நங்கூரம்’ சாவு வீடுபோல இருந்தது. வாரமெல்லாம் இந்த ஒரு மதியத்துக்காகவே மூச்சு விடுகிற கூட்டம், ஆளுக்கொரு கீரைத் தட்டோடு நின்றது. தரையில் ஒரு இறால் தோல் இல்லை. யாரும் எவரிஸ்தோவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"சின்ன வயசுலேர்ந்து நண்பன் நீ," என்றான் ஹினெஸ், கீரையைக் குத்திக்கொண்டே. "ஆனா சொல்லி வைக்கிறேன், அடுத்த சனிக்கிழமையும் இது வந்துச்சு, உன் சாவுக்கு மீன் தின்னுட்டுத்தான் வருவேன்."

எவரிஸ்தோ தன் மூலையில் நின்று யோசித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் அவரை வெறுக்கும். வாயைத் திறந்தால் கசில்டா அவரை வெளியே தள்ளுவாள். பீர்க் குழாயில் சாய்த்திருந்த முழங்கையை எடுத்துக்கொண்டு எங்கே போவது? இந்த மூலையில் நின்றுதான் ஒப்துலியாவை முதன்முதலில் பார்த்தார். அப்பா இறந்த அன்று கசில்டா ஒரு வார்த்தை பேசாமல் சூப் வைத்ததும் இங்கேதான். இதை விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் தன்னால் ஒரு கடையே கீரை தின்பதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நிறுத்துங்க!" என்று தட்டைத் தள்ளினார். "எனக்கு யூரிக் ஆசிட் இல்ல. என்னைக்குமே இருந்ததில்ல."

முள்கரண்டிகள் அப்படியே நின்றன.

"அப்புறம் அன்னைக்கு ஏன் என் தட்டை வேணாம்னே?" என்றாள் கசில்டா.

"வயிறு நிறைஞ்சிருந்தது."

"எங்க நிறைச்சே?"

எவரிஸ்தோ தரையைப் பார்த்தார். "கலங்கரையில."

யாரோ "ஐயோ" என்றார்கள். ஹினெஸ் இரண்டடி தள்ளி நின்றான். கசில்டா கையிலிருந்த துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அங்க அப்படி என்ன கண்டுட்டே?"

"உன்னை விட்டுட்டுப் போகணும்னு போகல கசில்டா. இந்த மூலை இல்லாம எனக்கு எதுவும் இல்ல. ஆனா இனி பொய் சொல்ல முடியாது. அவங்க கணவாய் வெண்ணெய். உன்னுது... கொஞ்ச நாளா ரப்பரா இருக்கு."

கசில்டா முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கடை முழுவதும் எவரிஸ்தோவை முறைத்தது. அவர் பீர்க் குழாயை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார்.

அப்போது சமையலறைச் சுவரில் தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல் திறந்தது. அதன் வழியாக இதுவரை ஒரு கையைத் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை. இப்போது சமையல்காரர் பஸ்காசியோவின் வியர்த்த தலை வெளியே வந்தது.

"போதும் முதலாளியம்மா, சிரிச்சது போதும், பாவம் கீரையை நிறுத்திடலாம், ஒரே சட்டியில பொரிச்சதை நீங்களே திறந்த பின்தெருக் கடை ஜன்னல்ல நீட்டுனா வெண்ணெய்ங்கிறாரு, இந்தக் கடை ஜன்னல்ல நீட்டுனா ரப்பர்ங்கிறாரு, அந்த நாக்குக்கு இதுக்கு மேல என்ன தண்டனை குடுக்கிறது?"