கடாரம் போய்வந்த ஸ்டோர்ஸ் அக்கா

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மேலாளர்கள் உண்டு, யூனியன் தலைவர்கள் உண்டு, ஒப்பந்தக்காரர்கள் உண்டு. ஆனால் வங்காள விரிகுடாவுக்கே சட்டம் போட்டவர் ஒருவர்தான். எங்கள் பெண்கள் விடுதியின் கீழ்த்தள அறையில் இருந்த ஸ்டோர்ஸ் அக்கா.

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நான் தரப் பரிசோதனையில் இருந்த அதே வால்வு கம்பெனியில் அவருக்கு ஸ்டோர்ஸ் பொறுப்பு என்பதால் அந்தப் பெயருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஊர் ஆரம்பாக்கம். ரயிலேறி ஜன்னலோரம் பிடிப்பதற்குள் வந்துவிடும். பின்னே எதற்கு விடுதி வாசம் என்று கேட்டால், "எங்க ஊட்ல இவ்ளோ பெரிய டேபிள் இல்ல" என்பார். வேடிக்கைக்குச் சொன்னதில்லை. பொதுக்கூடத்து மேஜைக்காகத்தான் இருந்தார்.

அந்த மேஜை மேல் ஒரு பெட்டி. வடிவமைப்புப் பிரிவுப் பெண் ஒருத்தி வேலையை விட்டுப் போகும்போது அங்கேயே போட்டுவிட்டுப் போனது. உள்ளே தடித்த ஆங்கில விதிப் புத்தகமும் இருபது முகம் கொண்ட பகடைக்காயும் இருந்தன. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைக் காய் சொல்லும். கதை முழுக்க டிராகன், மந்திரவாதி, பாதாளக் கோட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் விதிகளைத் தமிழில் சொல்லச் சொல்ல, அக்கா சரக்கு சரிபார்ப்பது போலக் கேட்டார். கடைசியில் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

"டிராகன யாரு பாத்துகீறாங்க இங்க? பழவேற்காட்டுல கடலு கீது. கப்பல வுடு."

இப்படித்தான் விதிகள் கடலுக்கு இறங்கின. சோழர் காலம். பழவேற்காட்டில் துணி ஏற்றிக் கடாரம் போய் விற்று, திரும்பி வர வேண்டும். மந்திரவாதிக்குப் பதில் நட்சத்திரம் பார்த்து வழி சொல்லும் மீகாமன். உயிர்ப் புள்ளிகளுக்குப் பதில் குடிதண்ணீர். பானை காலியானால் ஆள் காலி. இரும்புக் கவசம் ரத்து. கவசம் போட்டவன் கடலில் விழுந்தால் என்ன ஆவான் என்று அக்கா கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. டிராகன் இருந்த இடத்தில் கடாரத்துச் சுங்க அதிகாரியை வைத்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு டிராகனின் அருமை தெரிந்தது. அதை வாளால் வெட்டவாவது முடியும்.

மெர்சிதான் கப்பல் தலைவி. பேக்கிங் பிரிவு, திருவள்ளூர் பக்கம். சென்னை வரை போக வேண்டுமென்றால்கூட வீட்டில் அண்ணனைத் துணைக்கு அனுப்பி வைப்பார்கள். அவள் முதல் நாளே நெஞ்சை நிமிர்த்தி, கடாரத்துக்குத் தனியாகவே போவதாக அறிவித்தாள். நான் மீகாமன். கோகிலா என்ற இன்னொருத்தி சமையல்.

சிக்கல் என்னவென்றால், அக்கா கப்பலையும் ஸ்டோர்ஸ் போலவே நடத்தினார். புயலில் பாய்மரம் முறியும் நேரம், ஒரு கயிறு வேண்டும் என்றேன். கையை நீட்டி, சரக்குக் கேட்கும் இன்டென்ட் சீட்டு எங்கே என்றார். எழுதிக் கொடுத்தேன். தலைவியின் கையெழுத்து இல்லை என்று திருப்பினார். மெர்சி பேனா தேடி எடுப்பதற்குள் பாய்மரம் கடலில் மிதந்தது.

இதெல்லாம் பழகப் பழக எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. கொள்ளையர்கள் கப்பலில் குதித்த அன்று, வாளை உருவ வேண்டிய மெர்சி, அவர்களிடம் கேட் பாஸ் இருக்கிறதா என்று கேட்டாள். யோசித்துக் கேட்டதில்லை, தானாக வாயில் வந்துவிட்ட வார்த்தை. நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி என்று தீர்ப்புச் சொல்லி, கொள்ளையர்கள் சார்பில் தானே காய் உருட்டினார். மூன்று விழுந்தது. கேட் பாஸ் இல்லை. ஒரு கொள்ளைக் கூட்டமே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனது.

எல்லாவற்றுக்கும் மேல், காற்று. காற்றுக்குக் காய் உருட்டக் கூடாது என்பது அக்காவின் சட்டம். பக்கத்து இரும்பு உருக்காலையின் புகைபோக்கிதான் எங்கள் கடலுக்குக் காற்று. புகை சாயும் பக்கம் கப்பல் போகும். தென்மேற்குக் காற்று அடித்த மாதங்களில் சிரமமில்லாமல் கடாரம் சேர்ந்தோம். திரும்பி வர வாடைக்காற்றுக்காக அங்கேயே மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்தச் சுங்க அதிகாரியுடன்! வாடை வந்ததும் புகை எங்கள் மொட்டைமாடித் துணிக்கொடிப் பக்கம் சாய்ந்தது. வெள்ளைச் சுடிதாரில் கரி படிந்தது என்று மாடி அறைக்காரிகள் திட்ட, நாங்கள் மூவரும் கைதட்டினோம். கப்பல் ஊருக்குத் திரும்புகிறது.

நடுக்கடலில் கோகிலா வேறு வேலை கிடைத்துக் கிளம்பினாள். கப்பல் கரையில் இல்லாதபோது விடுதியை விட்டுப் போகிறவரைக் கடல் கொண்டுவிட்டதாகக் கணக்கு. இதுவும் சட்டம். கோகிலா ஆட்டோவில் ஏறிப் போன மறுநாள் அக்கா அவள் நாற்காலிக்கு மாலை போட்டு, சுண்டல் விநியோகித்தார். அந்தச் சுண்டலின் படத்தைக் கோகிலாவுக்கும் அனுப்பிவைத்தார்.

அடுத்து மெர்சிக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கிளையில் சேர வேண்டும். அதே வாரம் உருக்காலை உலையைப் பழுதுபார்க்க மூடினார்கள். புகை நின்றது. கப்பலும் நின்றது.

மெர்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இத்தினி தூரம் போய்ட்டு வந்துக்கினு கீறேன். என்ன கடல்ல வுட்டுடாதக்கா" என்றாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்று தன் கையில் இல்லை என்றார்.

நான் பிரச்சினை என்றால் தீர்வுகளை வரிசைப்படுத்துகிறவள். முதலில், கைபேசியில் வானிலை பார்க்கலாம் என்றேன்.

"அந்தக் காலத்துல போனு இருந்துச்சா?"

"புகைபோக்கி இருந்துச்சாக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "சமைச்சாங்க இல்ல?"

அடுத்த தீர்வு விடுதிச் சமையலறை. அங்கே கேஸ் அடுப்பு, புகையே இல்லை. மூன்றாவதாக, ஞாயிறு காலை நானும் மெர்சியும் மொட்டைமாடியில் தேங்காய் மட்டையைக் கொளுத்தினோம். புகை நன்றாகத்தான் எழுந்தது. அது எந்தப் பக்கம் சாயலாம் என்று யோசிப்பதற்குள் வார்டன் மேலே வந்து, ஒரு பக்கெட் தண்ணீரை எங்கள் மேலும் சேர்த்து ஊற்றிவிட்டார்.

சொட்டச் சொட்டக் கீழே வந்து நடந்ததைச் சொன்னோம். மட்டைப் புகை செல்லாது என்றார் அக்கா. பிறகு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆனா மய பேஞ்சிகீது. பானைல தண்ணி ஏத்திக்கோ."

தண்ணீர் இருந்தால் துடுப்புப் போடலாம். ஒவ்வொரு பகல் துடுப்புக்கும் ஒரு பானை செலவு. அதுவும் அக்கா எப்போதோ போட்ட சட்டம்தான், எங்களுக்குத்தான் மறந்துபோயிருந்தது. மதியம் முழுக்கத் துடுப்புப் போட்டோம். மெர்சி நிஜமாகவே தோளை ஆட்டினாள். பழவேற்காட்டு மணல் திட்டு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கடைசிப் பானையும் தீர்ந்தது.

மெர்சி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரை இவ்வளவு பக்கத்தில் இருந்தால் மீன்பிடிப் படகுகள் இருக்க வேண்டுமே என்று நான் கேட்டேன். அக்கா தலையசைத்து, காயை மெர்சி பக்கம் தள்ளினார். பத்துக்கு மேல் விழுந்தால் படகு. மெர்சி கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். பதினொன்று.

அக்கா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அத்தனை மாதமும் அவர் கடலாக இருந்திருக்கிறார், கொள்ளையனாக, சுங்க அதிகாரியாக, ஒரு முறை சுறாவாகக்கூட இருந்திருக்கிறார். எங்கள் பக்கத்து ஆளாக ஒருநாளும் வந்ததில்லை. அன்று கையில் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மெர்சியிடம் நீட்டிப் பேசினார்.

"நான் படகுக்காரி. இந்தா, குடி மொதல்ல. கயித்தப் போடு, நான் இஸ்துக்கினு போறேன்."

நான் பழக்க தோஷத்தில், கயிற்றுக்கு இன்டென்ட் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

"இன்டென்டாம் இன்டென்டு. பேஜாரு பண்ணாத, புடி."

மெர்சி தண்ணீரைக் குடித்தாள். பாதி கழுத்து வழியாகப் போயிற்று. படகு இழுத்தது. மணல் திட்டைத் தாண்டினோம். கப்பல் தரை தட்டியதும் மெர்சி நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று கூடத்துத் தரையில் இறங்கினாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் கைதட்டினேன்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். அக்கா முடிக்கவில்லை. துணி விற்ற பணத்தில் வாங்கி வந்ததை எல்லாம் இறக்க வேண்டும் என்றார். இறக்கினோம். கரையில் மீன் குழம்பு கொதிக்கிறது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டோம். வெயில் தாழட்டும் என்றார். மெர்சி பெட்டி கட்ட வேண்டும் என்று நான் இருமுறை நினைவூட்டினேன். கப்பல் கரை சேர்ந்து, சரக்கிறங்கி, பாய் சுருட்டி வைத்த பிறகும், இருட்டும் வரை அந்தப் படகுக்காரி மெர்சிக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தாள்.