மாட்டாஸ்பத்திரி மனோரஞ்சிதம்

ஊட்டியில் யார் வேண்டுமானாலும் பூந்தோட்டம் போடலாம். அதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. தினமும் நாற்பது ஆடும் பத்து மாடும் வந்து போகிற மாட்டாஸ்பத்திரி வாசலில் பூந்தோட்டம் போட்டு, அதைப் பன்னிரண்டு வருடம் காப்பாற்றியும் காட்டியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பவுண்டர். இதை மறுத்துப் பேச நினைக்கிறவர்கள், முதலில் தங்கள் வீட்டு ரோஜாச் செடிக்கு முன்னால் ஓர் ஆட்டை ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு வந்து பேசட்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்துப் போன ஊர், பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இருந்தது. ஆரம்பப் பள்ளிக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் நடுவில் இடுப்புயரத்தில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் என் மூன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் கம்பவுண்டரின் தோட்டம். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் டாக்டர் முதல் கன்றுக்குட்டி ஓட்டி வருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் கம்பவுண்டர்தான். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை சுருட்டிய காக்கி பேண்ட், காதுமடலில் அன்றைக்குப் பூத்த ஏதாவது ஒரு பூ, கிட்டே போனால் டிங்சர் மருந்து நெடி.

தோட்டத்தை அவர் கோட்டை மாதிரி கட்டியிருந்தார். வெளிச்சுற்றில் நித்யகல்யாணி. கசப்பு தாங்காமல் ஆடு அதில் வாய் வைக்காது. அடுத்த சுற்றில் துலுக்கச் சாமந்தி, அதன் நெடிக்கு ஆடு மூக்கைத் திருப்பிக்கொள்ளும். அதற்கும் உள்ளே கனகாம்பரம், டேலியா, ரோஜா. நட்டநடுவில் ராணியாக மனோரஞ்சிதம். வேலிக்கு அரளி வைத்தால் இன்னும் பத்திரமாச்சே என்று யாரோ யோசனை சொன்னதற்கு, "அரளியத் தின்னா மாடு செத்துப் போவுங்க. அப்புறம் எனக்கு இங்க என்னா வேல?" என்று கேட்டுவிட்டார்.

அவருடைய ஞானம் முழுக்க ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. பாப்பாரப்பட்டிச் சந்தையில் பொட்டுக்கடலை மடித்துக் கொடுத்த தாளில் ஒரு பூவின் படத்தைப் பார்த்திருக்கிறார். உடனே கடைக்காரரிடம் போய் மிச்சப் புத்தகத்தையும் வாங்கி வந்துவிட்டார். எந்தப் பூ எந்த நாட்டில் பிறந்தது, எப்படி ஊர் ஊராய்ப் போனது என்று சொல்கிற இங்கிலீஷ் புத்தகம். துரதிர்ஷ்டம், அதற்குள் பாதிப் புத்தகம் பொட்டுக்கடலையோடு ஊருக்குள் போய்விட்டிருந்தது. அதனால் கம்பவுண்டர் சொல்கிற சரித்திரத்தில் டேலியா மெக்சிகோவில் கப்பலேறும், ஆனால் எந்தக் கரையிலும் இறங்காது.

ஊசி போடும்போதுதான் அவர் கதை சொல்லுவார். மாடு மிரளாமல் இருக்க என்பார். மாடு கேட்டதோ இல்லையோ, மாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆட்டு வியாபாரி பாய் ஒரு நாள் வந்தபோது, "பாய், துலுக்கச் சாமந்திக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அது மெக்சிகோவுல பொறந்துட்டு கப்பல்ல வந்த பூவு," என்றார். பாய் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க பொறந்தா என்னங்க, நம்ம பேர வெச்சிக்கிச்சில்ல. வாடாம பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முனியம்மாவின் எருமைக்கு ஊசி போட்ட கதையை ஊரே வெகுநாள் சொல்லிச் சிரித்தது. எருமையின் கயிற்றை முனியம்மா இறுக்கிப் பிடித்திருக்கிறாள். கம்பவுண்டர் காகிதப்பூவின் சரித்திரத்தைத் தொடங்கினார்.

"பிரெஞ்சுக்காரன் கப்பலுங்க. பொம்பளைங்க ஏறக்கூடாதுன்னு சட்டம். ஒருத்தி என்னா பண்ணா, ஆம்பள மாதிரி சட்ட நிஜாரு மாட்டிக்கிட்டு, செடி தேடற தொரைக்கு ஒத்தாசைன்னு ஏறிட்டா. பிரேசில் நாட்டுல எறங்குறாங்க. இந்தக் காயிதப்பூவ மொதமொத கண்டுபுடிச்சதே அந்தப் பொம்பளதான்னு சொல்றாங்க."

முனியம்மாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. கயிறு கீழே விழுந்தது. எருமை மூன்று சுற்றுக் கோட்டையையும் ஒரே மூச்சில் கடந்து டேலியாவை மிதித்து அந்தப் பக்கம் போய்விட்டது. கம்பவுண்டர் ஊசியோடு பின்னாலேயே ஓடினார். முனியம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

"எருமை கெடக்குதுங்க. அப்புறம் அந்தப் பொம்பளைய கப்பல்ல கண்டுபுடிச்சாங்களா, இல்லியா?"

"அடுத்த பக்கம் இல்லீங்க," என்றார் கம்பவுண்டர் ஓடிக்கொண்டே.

முனியம்மாவுக்கு அது ஜீரணமாகவே இல்லை. பொட்டுக்கடலை வாங்கின வீடுகளையெல்லாம் போய் விசாரித்தாள். நல்லாயிருந்த எருமையை வாரம் ஒருமுறை ஓட்டிக்கொண்டு வந்து, பக்கம் கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மருந்தகத்தில் சர்க்கார் கொடுத்த கடிகாரம் ஒன்று இருந்தது. கம்பவுண்டர் அதை நம்பியதே இல்லை. அந்திமந்தாரை பூத்தால் அவருக்குச் சாயங்காலம். பெரு நாட்டிலிருந்து வந்த செடி, பிறவியிலேயே மணி தெரியும் என்பார். மேகம் மூடிய ஒரு நாள் அது மூன்று மணிக்கே பூத்துவிட்டது. மருந்தகத்தை மூட இவர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். "மணி மூணுதான்யா ஆவுது," என்று டாக்டர் கத்தினார். "கடியாரத்துக்கு நாம சாவி குடுக்கறோம். இதுக்கு யாருங்க சாவி குடுக்கறது?" என்றார் கம்பவுண்டர். டாக்டர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கதவில் பூட்டு தொங்கியது.

இப்போது மனோரஞ்சிதத்துக்கு வருகிறேன். அந்தப் பூ இலையோடு இலையாகப் பச்சையாய் ஒளிந்திருக்கும், கண்ணால் தேடினால் கிடைக்காது. பழுத்து மஞ்சளானதும் வாசனை சுவர் ஏறி என் வகுப்புக்குள் வந்துவிடும். எந்தப் பழத்தை மனசில் நினைத்து முகர்கிறோமோ, அந்தப் பழத்தின் வாசனை அடிக்கும் என்பது ஐதீகம். என் வகுப்பில் பாதி மாம்பழம் என்றும் பாதி பலாப்பழம் என்றும் அடித்துக்கொள்ளும். எனக்கு அந்தச் செடி மேல் அப்படி ஓர் ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் சுவரோரம் போய், எனக்கும் ஒரு கன்று கொடுங்கள் என்று கேட்டேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "குடுத்த செடி வராதுங்க டீச்சர். திருடுன செடிதான் வேர் புடிக்கும். நா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன், நீங்க பாட்டுக்கு எடுத்துக்குங்க."

"திருடறது தப்பு சார்."

"நாந்தானே திருடச் சொல்றேன்?"

"நீங்களே சொன்னா அது எப்படி திருட்டாகும்?"

"அதனாலதானே திரும்பி நிக்கறேன்னு சொல்றேன்."

இதற்கு மேல் யாரால் வாதாட முடியும்? ஊரில் எல்லாரும் அவரிடம் அப்படித்தான் செடி எடுத்தார்கள். யாராவது வந்து ஒரு செடியையே பார்த்துக்கொண்டு நின்றால், "பீரோவுல மருந்து எடுக்கப் போறேன், வர அஞ்சு நிமிசம் ஆவும்," என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போவார். எடுத்தவர்கள் நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் செடி பட்டுவிடுமாம். நான் மட்டும் எடுக்கவில்லை. என் கரும்பலகையின் மேல் மூலையில் 'திருடாதே, பொய் சொல்லாதே' என்று நிரந்தரமாக எழுதி வைத்திருந்தேன். இரண்டு வருடம் அந்த மூலையைக் காப்பாற்றினேன்.

"தாழம்பூ கத தெரியுங்களா?" என்றார் ஒரு தடவை. "சிவனோட முடியப் பாத்தேன்னு பிரம்மா சொன்ன பொய்க்கு சாட்சி சொல்லுச்சு. இனிமே பூசைக்கு ஆவாதுன்னு சாபம் விட்டுட்டாரு. ஆனா வாசனையப் புடுங்கிக்கிட்டாரா? இல்லியே. சாமிக்கே தெரியுங்க, சிநேகத்துக்காகச் சொன்ன பொய்யின்னு."

பிறகு ஒரு புதன்கிழமை ஓவர்சியர் வந்தார். மருந்தகத்துக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது, தோட்டம் இருக்கிற இடத்தில்தான் அஸ்திவாரம் என்றார். "திங்கக்கிழம ஆளுங்க வந்து மொத்தமா வழிச்சிடுவாங்க. காம்பவுண்டுக்குள்ள இருக்கறது எல்லாம் சர்க்கார் சொத்து. அதுவரிக்கும் ஒரு செடியக்கூட யாருக்கும் குடுக்கக்கூடாது. குடுத்தா வேலைக்கே ஆபத்து."

அன்று கம்பவுண்டர் காதில் பூ இல்லை. மாடுகளுக்கு ஊசி போட்டார், கதை சொல்லவில்லை. மாடுகளே ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தன. சாயங்காலம் அந்திமந்தாரை பூத்தது, இவர் பூட்டை எடுக்காமல் மனோரஞ்சிதத்தின் பக்கத்தில் நின்றார். "பன்னெண்டு வருசங்க டீச்சர்," என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று அவர் நிமிர்ந்தார்.

"ஏங்க டீச்சர், குடுக்கக்கூடாதுன்னுதானே சொன்னாரு?"

மறுநாள் ஊரில் தமுக்கடித்தார்கள். சனிக்கிழமை காலையில் கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பூசி, எல்லாரும் கோழியோடு வரவேண்டும், கூடை கொண்டு வரவேண்டும், பெரிய கூடையாக இருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமையை நான் சாகிற வரை மறக்கமாட்டேன். கம்பவுண்டர் ஒரு ஸ்டூலைப் போட்டு, தோட்டத்துக்கு முதுகைக் காட்டி, மருந்தகத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கோழிகள் கூடையில் வந்தன. ஊசி போட்டதும் கக்கத்தில் ஏறிக்கொண்டன, கூடைக்குள் செடிகள் ஏறிக்கொண்டன. நித்யகல்யாணி போனது, கனகாம்பரம் போனது, டேலியா கிழங்கு கிழங்காய்ப் போனது. முனியம்மா காகிதப்பூவை வேரோடு தோண்டித் தலையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பளைய இனிமே நா பாத்துக்கறேன்," என்று அவர் முதுகிடம் சொல்லிவிட்டுப் போனாள். கோழியே இல்லாத பாய் இரண்டு ஆட்டையும் ஒரு சாக்கையும் கொண்டுவந்து, தன் பெயருள்ள செடிகளை முறையாக அள்ளிக்கொண்டார். ஒரு கிழவி ஒரே கோழியோடு நான்கு நடை வந்தாள். "ஆயா, இதுக்குப் போட்டாச்சு," என்று அவர் கோழியின் தலையை மட்டும் தடவி அனுப்பினார். அவ்வப்போது, "பின்னாடி என்னாங்க சத்தம், காத்தா?" என்று சுவரைக் கேட்டார்.

பதினோரு மணிக்கு ஓவர்சியரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் எதிர்பார்த்த தோட்டம் இல்லை, வரிசையாகக் குழிகள் இருந்தன.

"எங்கய்யா செடியெல்லாம்?"

"நா பாக்கலீங்க," என்றார் கம்பவுண்டர், சுவரைப் பார்த்தபடி. அது சத்தியமான உண்மை.

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க காலையிலருந்து இங்கதான் நிக்கறீங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. இவுரு எடுத்துக் குடுத்தாரா? யாரு எடுத்துக்கிட்டுப் போனது?"

கம்பவுண்டரின் முதுகு கொஞ்சம் குறுகியது. ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால் அவர் வேலை போய்விடும். எனக்குக் கரும்பலகையின் மூலை ஞாபகம் வந்தது, தாழம்பூவும் ஞாபகம் வந்தது.

"ஆடு தின்னுடுச்சுங்க," என்றேன்.

"வேரோடவா?"

"இந்த ஊரு ஆடு அப்படித்தாங்க."

சொல்லி வைத்த மாதிரி பாயின் ஆடு ஒன்று டேலியா இலையை மென்றுகொண்டே ஓவர்சியர் முன்னால் வந்து நின்றது. அவர் ஆட்டைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓரத்தில் ஒரே ஒரு ரோஜாச் செடி மிச்சமிருந்தது. அதையும் பார்த்தார். "கம்பவுண்டர், நீங்க கொஞ்ச நேரம் அப்புடியே செவுத்தப் பாத்துக்கிட்டு இருங்க," என்றார். மோட்டார் சைக்கிள் கிளம்பும்போது அதன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ரோஜாக் கிளை எட்டிப் பார்த்தது.

மனோரஞ்சிதத்தை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. வேர் ஆழமாகப் போயிருந்தது. திங்கட்கிழமை அதை வெட்டினார்கள்.

மாதம் முடிவதற்குள் கம்பவுண்டருக்கு வத்தல்மலைப் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்புகிற காலையில் தெரு முழுக்க நடந்து போனார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நல்லா இருக்குதே செடி, எங்க கெடச்சுது?" என்று கேட்டார். "ஆடு கொண்டாந்து போட்டுச்சுங்க," என்றார்கள் எல்லாரும்.

பஸ் நிற்கிற இடத்துக்கு நான் வழியனுப்பப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, அதன் மேல் ஒரு சின்ன மண்தொட்டி. தொட்டியில் மனோரஞ்சிதப் பதியன், நாலே இலை.

"ரெண்டு வருசத்துல உங்களுக்குன்னு செவுத்தோரமா நாலு பதியன் போட்டு வெச்சேங்க. நாலையும் வேற யாரோ அடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. இது அஞ்சாவது. மலைக் குளுரு இதுக்கு ஆவாது," என்றார். பிறகு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். "நா ஒரு டீ குடிச்சிட்டு வரேன். கொஞ்சம் நேரமாவும்."

டீக்கடையில் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு மெதுவாக டீ குடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. பஸ் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பினார். பெட்டியின் மேல் தொட்டி இல்லை. நான் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

"செடிய யாரோ திருடிக்கிட்டுப் போயிட்டாங்க," என்றார் கண்டக்டரிடம். பொங்கல் போனஸ் வந்தவர் மாதிரி முகம்.

"போலீசுல சொல்றீங்களா?"

"வேணாங்க. வேர் புடிக்கட்டும்."

நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் செடி பட்டுவிடும்.

அந்தக் கப்பல் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதையும், ஆனாலும் அவள் உலகத்தையே சுற்றிவிட்டுத்தான் ஊர் திரும்பினாள் என்பதையும் பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் படித்தேன். அதற்குள் கம்பவுண்டர் எங்கே போனார் என்று சொல்ல ஆள் இல்லை. முனியம்மாவுக்கு மட்டும் ஒரு கடுதாசி போட்டேன்.

பதியன் இன்று தருமபுரியில் என் வீட்டுச் சுவரைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. யாராவது வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றால், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், வர ஐந்து நிமிடமாகும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். வருகிறவர்களெல்லாம் பூவை முகர்ந்துவிட்டு மாம்பழம் என்கிறார்கள், பலாப்பழம் என்கிறார்கள். நானும் எத்தனையோ பழத்தை நினைத்து முகர்ந்து பார்த்துவிட்டேன். எனக்கு மட்டும் இத்தனை வருடமாக அதில் மாட்டாஸ்பத்திரி டிங்சர் வாசனைதான் அடிக்கிறது.