கண்ணாடி அலமாரியில் இருதயமேரி

திண்டிவனம்,
1943 ஆகஸ்டு 17, செவ்வாய்க்கிழமை.

என் மனைவி சவுரியம்மாளின் மூத்த சகோதரரும், விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் சரக்கு இறக்குபவரும், எங்கள் ஒரே மகள் இருதயமேரிக்குத் தாய்மாமனும் ஆகிய ராயப்பன் மச்சான் அவர்களுக்கு, தேவசகாயம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் தாங்களும் அக்காளும் பிள்ளைகளும் மாடும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாட்டைப் பற்றி விசாரிப்பதற்குக் காரணம் உண்டு, கீழே வரும். இங்கு நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மேரி கண்ணாடி அலமாரிக்குள் நிற்கிறாள். அதனால் அந்த வார்த்தையை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

வருகிற சனிக்கிழமை அவளை வைக்கோல் சுற்றி, பலகைப் பெட்டியில் வைத்து, ஆணி அடித்து, கூட்ஸ் வண்டியில் திருச்சிக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குள் நீங்கள் மாட்டோடு இங்கே வந்து சேர வேண்டும். இந்தக் கதிக்கு எப்படி வந்தோம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். கோபப்படாமல் கேட்கவும். ஷெட்டில் யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால் அவரும் கோபப்படாமல் வாசிக்கவும்.

சித்திரை மாதம் ஸ்டேஷன் ரோட்டில், மூடிக் கிடந்த அரிசி மில்லில் சர்வசுக பண்டசாலை என்று ஒரு கடை திறந்தார்கள். சில்லறைக் காசே கண்ணில் படாத யுத்த காலம் அல்லவா, அதனால் 'துட்டு வேண்டாம், வீட்டில் உள்ள பழசைக் கொடுங்கள், புதுசை வாங்கிப் போங்கள்' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு எழுதி வைத்தார்கள். நான் வாங்கப் போகவில்லை மச்சான், போர்டைப் படிக்கத்தான் போனேன். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவன் போர்டைப் பார்த்தால் நிற்காமல் போக முடியுமா. வாசலில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் கதவைத் திறந்து, "வாங்க ஐயா, வாங்க" என்றான். யாரோ பெரிய மனுஷர் பின்னால் வருகிறார் போல என்று நான் ஓரமாக ஒதுங்கித் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பின்னால் ஒரு நாய்கூட இல்லை. "உங்களத்தான் ஐயா, உள்ள வாங்க, உக்காருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். கோட்டு போட்ட மேனேஜர் வேங்கடேசன், பட்டணத்துக்காரர், எதிரில் நின்றுகொண்டு, "காப்பி சாப்பிடுறீங்களா, கலர் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அவர் நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயசு. ஆண்டை கோதண்டபாணி வீட்டு வாசலில் நிற்பதற்கே எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று என் காலுக்குத் தெரியும். அவர் வீட்டுக் காப்பியை நான் வாசனையில் அறிவேனே தவிர நாக்கில் அறியேன். அன்று நான் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டு அழுதேன். மேனேஜர் கைக்குட்டை கொடுத்தார். வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன்.

மண்வெட்டிக்கு ஒரு கைக்கடியாரம் கொடுத்தார்கள். நல்ல கடியாரம், முள் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "முள்ளு அடுத்த கப்பல்ல வருதுங்க, அதுவரைக்கும் கட்டிக்கினு இருங்க" என்றார் மேனேஜர். மறுநாள் மறுபடி உட்கார வேண்டும் போல் இருந்தது. வெறுங்கையோடு போனால் கதவைத் திறப்பதில்லை. அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குக் குழம்பு வாசனை அடைத்த ஒரு சீசா கொடுத்தார்கள். மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு கேப்பைக் கூழ் குடித்தால் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது போலவே இருக்கும். நாலு நாளில் வாசனை தீர்ந்துவிட்டது, பிறகு கூழும் தீர்ந்துவிட்டது. அப்புறம் கதவைக் கழற்றிக் கொடுத்தேன். வீட்டுக்குக் கதவு ஒன்றுதான். அதற்கு அழைப்பு மணி கொடுத்தார்கள். கதவு இருந்த இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆடும் நாயும் அதைக் கேட்காமல் உள்ளே வருகின்றன, மனுஷர் மணியடித்துவிட்டு வருகிறார்கள். உங்கள் தங்கை, "கதவே இல்லாத ஊட்டுக்கு மணி இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். இதையெல்லாம் பொம்பளைக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது என்று அப்போது நினைத்தேன். இப்போது எனக்கே யாராவது புரியவைத்தால் தேவலை.

நான் ஒருத்தன்தான் பைத்தியக்காரன் என்று நினைக்காதீர்கள். சேரி முழுக்கப் போனது, பிறகு ஊரும் வந்தது. ஆண்டை ஏரையும் நாலு உழவு மாட்டையும் கொடுத்துவிட்டு ஒரு சங்கீதப் பெட்டி வாங்கினார். அதற்குப் பாட்டுத் தட்டு அடுத்த கப்பலில் வருகிறதாம். ஒருநாள் வரிசையில் நான் முன்னால் நிற்கிறேன், பின்னால் ஒரு இருமல். திரும்பிப் பார்த்தால் ஆண்டை. "டேய் தேவசகாயம், நகுரு" என்றார். என் கால் தன்னால் நகர்ந்தது. மேனேஜர் ஓடிவந்து, "எஜமான், இங்க முன்ன வந்தவங்கதான் முன்ன. ஐயா, நீங்க வாங்க" என்று என்னைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார். ஆண்டை என் முதுகைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், சுயராஜ்யம் என்று கோர்ட்டு வாசலில் நின்று கத்துகிறார்களே, அது வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் கையில் அன்று இருந்தது சவுரியம்மாளின் கூழ்ச்சட்டி.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. பெட்டியைப் பிரித்தால் அது பழசு. ஆகவே யாரும் எதையும் பிரிப்பதில்லை. அவரவர் வாசலில் பெட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு அடுத்த வாசலை எண்ணுகிறார்கள். ஆடிப்பட்டம் போய்விட்டது. மல்லாட்டை விதைக்க ஏர் இல்லை, களை வெட்ட மண்வெட்டி இல்லை, இருந்தாலும் வெட்ட ஆள் இல்லை, எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். மயிலம் ரோட்டில் இரண்டு பக்கமும் நிலம் தரிசாகக் கிடக்கிறது, நடுவில் வாட்ச் கட்டிக்கினு ஜனங்க பட்டினியா போய்க்கினு இருக்குது. மணி கேட்டால் ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியாது. எதிர்வீட்டு அம்சா ஆட்டைக் கொடுத்து ஒரு பிஸ்கட் டின் வாங்கி வாசலில் வைத்தாள். பிள்ளைகள் மூன்றும் டின் மேல் இருந்த படத்தை நக்கிக்கொண்டிருந்தன. "தொறந்து குடுடி, பாவம்" என்று சவுரியம்மாள் சொன்னாள். "தொறந்தா பழசாயிடும் அக்கா. தெருவுல எனுக்குன்னு இது ஒண்ணுதான் இருக்குது" என்றாள். கடைசிக் குழந்தை ஆனி மாதம் செத்துப்போயிற்று. குழிமேட்டில் சிலுவையை நட்டு, பக்கத்தில் அந்த டின்னை வைத்தாள். சாயந்திரம் போய் டின்னை எடுத்துவந்துவிட்டாள். இன்னும் பிரிக்கவில்லை.

இப்போது மேரி விஷயத்துக்கு வருகிறேன். இதில் தங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, தப்பாக நினைக்க வேண்டாம். கடை முகப்பில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் நிற்க வைக்கப் பட்டுப்புடவை கட்டிய ஒரு சுண்ணாம்புப் பொம்மை வந்ததாம். விழுப்புரத்தில் வண்டி மாற்றும்போது ஷெட்டில் யாரோ பெட்டியைத் தொப்பென்று போட்டு, பொம்மைக்குத் தலை வேறு உடம்பு வேறு ஆகிவிட்டதாம். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் உங்கள் தங்கைக்கு நீங்கள் ஆள் வைத்து எழுதின கார்டில், ஒரு கனத்த பெட்டி கை நழுவி மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினதாக இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தப் பொம்மையின் உயரம் மேரியின் உயரம். மேனேஜர் நம் வீட்டுக்கே வந்தார். மணியை இழுத்து அடித்துவிட்டு, கதவில்லாத வாசலில், நான் வாங்க என்று சொல்லும் வரை காத்துக்கொண்டு நின்றார். "வேல ஒண்ணும் இல்ல ஐயா. நிக்கிறதுதான். மூணு மாசம். ஒங்க பொண்ணு வயலு வேலைல நாள்பூரா குனியறத விட நிமிந்து நிக்கிறது நல்லதுதானே" என்றார். மேரி என்னைப் பார்த்தாள். "ராவானா ஊட்டுக்கு வரலாமா நைனா?" என்று கேட்டாள். வரலாம் என்று நான்தான் சொன்னேன், மேனேஜர் சொல்லவில்லை. அவளுக்குப் பதிலாக எனக்கு ஒரு சாமான் கொடுத்தார்கள். அது இருக்கட்டும்.

முதல் வாரம் சேரியே திரண்டு பார்க்கப் போனது. பட்டுப்புடவை, காதில் கல் தோடு, காலில் செருப்பு. நம் பெண் செருப்போடு நிற்கிறாள், ஊர்த்தெருப் பெண்கள் வெளியே வெயிலில் நின்று பார்க்கிறார்கள். நான் தினம் போய்ப் பெருமையாக நின்றேன். கண் சிமிட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவள் சிமிட்டவில்லை, கெட்டிக்காரி. இரண்டாம் மாதம் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினார்கள், சாப்பிட்டால் கொசுவம் கலைகிறதாம். பாதம் வீங்கிச் செருப்புக்கு வெளியே வந்துவிட்டது, சரிகையைக் கீழே இறக்கி மறைத்தார்கள். கட்டைவிரலில் ஒரு சீட்டு கட்டியிருக்கிறது, 'இருப்பு: ஒன்று' என்று. மூணு மாசம் முடிந்து பத்து நாள் ஆகிறது. கேட்டால், "இன்னும் புதுசாத்தான் இருக்குது ஐயா, எதுக்கு எடுக்கணும்? திருச்சி கடைல கேக்குறாங்க" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்சராக்கினி திருநாள். பூசை முடிந்து உங்கள் தங்கை நேரே கடைக்குப் போனாள். கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டி, "மேரி, அம்மா வந்துக்கிறேன், ஊட்டுக்கு வாடி" என்றாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மேரியின் உதடு அசைந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து சத்தம் வராது, ஆனால் என்ன சொன்னாள் என்று நன்றாகத் தெரிந்தது. "கண்ணாடியத் தொடாதீங்க." அதுதான் அலமாரியின் மேல் எழுதியிருப்பதும். சவுரியம்மாள் கையை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருவதில்லை. கடைக்கு எதிர்ச்சாரியில், மகள் எப்படி நிற்கிறாளோ அப்படியே நிற்கிறாள். சிலர் அவளும் சரக்கோ என்று கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆகவே மச்சான், என்னிடம் இனிக் கொடுக்க ஒன்றும் இல்லை. உங்கள் சினை மாடு ஒன்றுதான் நம் இரண்டு குடும்பத்திலும் மிச்சம். தாய்மாமன் என்ற உரிமையில் அதை ஓட்டிக்கொண்டு சனிக்கிழமைக்குள் வந்து, மேரியை மீட்டுக்கொண்டு போங்கள். காப்பி கொடுத்துக் கூப்பிட்டாலும் அந்தக் கடைப்படியில் இனி என் கால் படாது. கோலியனூரில் இருக்கும் நம் ஜனங்களுக்கும் சொல்லி வையுங்கள், அடுத்து அங்கேதான் திறக்கப் போகிறார்களாம். யாராவது வாங்க உட்காருங்க என்றால் ஓடிவிடச் சொல்லுங்கள்.

அக்காளுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தேவமாதா உங்கள் வீட்டுக் கதவை அதன் நிலையிலேயே வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
தேவசகாயம்.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் கடையில் நுழைந்து விசாரித்தேன். மாடு வேண்டாமாம். பின்கொட்டகையில் முந்நூறு மாடு கட்டிக் கிடக்கிறது, தீனி போட ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சாகிறது. "பொண்ணுக்குப் பதிலா நாங்க குடுத்தத திருப்பிக் குடுத்துட்டு கூட்டிக்கினு போங்க ஐயா, அவ்ளோதான்" என்றார் மேனேஜர். அவர்கள் கொடுத்தது ஒரு நாற்காலி. நான் முதல்நாள் உட்கார்ந்த அதே நாற்காலி. இந்தக் கடிதத்தையும் அதில் உட்கார்ந்துதான் எழுதினேன். உடனே வீட்டுக்கு ஓடி அதைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது, ரோட்டோரம் இறக்கி வைத்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஆண்டை வந்தார். நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், கால் எழவில்லை. அவர் வெயிலில் எதிரே நின்றார். நாற்காலியை வெகுநேரம் பார்த்தார். "இன்னா தேவசகாயம், சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டார். மச்சான், அவர் நின்றார், நான் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கும் அந்தப் பக்கம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாற்காலியை வீட்டுக்கே திருப்பித் தூக்கிவந்துவிட்டேன். ஆகவே தாங்கள் வர வேண்டாம். சனிக்கிழமை கூட்ஸ் விழுப்புரத்தில் நிற்கும். வைக்கோல் சுற்றிய பலகைப் பெட்டி, மேலே கண்ணாடி என்று எழுதியிருக்கும். உங்கள் கைக்கு வந்தால், இந்தத் தடவை மெதுவாக இறக்குங்கள்.