எண்பதாம் நிமிசத்தில் என்னை வெளியே எடுத்தவர்

ஒரு மனிதரைப் பதவியிலிருந்து இறக்க மூன்று பக்கக் குற்றப்பத்திரிகை எழுதியவன் நான். கட்டம் போட்ட கொப்பித்தாளில், எங்கள் ஆட்டக்காரருக்கு நீலம், எதிரிகளுக்குச் சிவப்பு என்று அம்புக்குறி எல்லாம் போட்டு எழுதினேன். அகதி விண்ணப்பத்தைக்கூட நான் அவ்வளவு அக்கறையாக எழுதவில்லை. அது ஒரு பக்கம்தான் வந்தது. அதை நிராகரித்தவர்களில் பிழை சொல்ல ஏலாது.

அந்த மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் எண்பதாம் நிமிசம். முகத்துக்கு நேரே 'அண்ணை'. உலகத்தில் தோற்றுப்போன எந்த மாட்ச்சையும் வெல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். என்ன, மாட்ச் முடிந்த பிறகுதான் வெல்லுவார்.

எண்பதுகளின் நடுவில், பாரிஸ் லா சப்பலில் ஐந்தாம் மாடி அறை ஒன்றில் எட்டுப்பேர் இருந்தோம். மெத்தை நாலு. எல்லாரும் உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள். படுக்கையும் முறை வைத்துத்தான். யாரோ குப்பைக்கு வைத்த ரீவி ஒன்றைத் தூக்கி வந்தோம். படம் வந்தது, சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் பிரெஞ்சு விளங்கப் போவதில்லை என்பதால் ஒருவரும் கவலைப்படவில்லை. சத்தத்துக்கு அண்ணை இருந்தார்.

பெரிய அணிகள் ஆடும்போது, கோட்டோரம் நின்று கை வீசும் கோச்மார் என்ன கத்துகிறார்கள் என்பதை அவரே மன்னார்த் தமிழில் பேசுவார். "டேய் பத்தாம் நம்பர், பந்தை உன்னட்டைத் தந்தது வைச்சு வளர்க்கவோ? பிரிச்சுக் குடடா."

ஆட்டம் முடிந்ததும் வழக்குத் தொடங்கும். தோற்றதற்குக் காரணம் நடுவில் நின்று பந்து பிரிக்கிற பத்தாம் நம்பரா, கோச்சா?

"மூண்டு பந்தை எதிரியின்ர காலிலை கொண்டுபோய்க் குடுத்தவன். அவனை விட்டுட்டுக் கோச்சைப் பேசுறியள்" என்பான் யோகன்.

"அவனிலை பிழையில்லை. அவ்வளவு நேரமும் தனியத் தேர் இழுத்தவன். எண்பதாம் நிமிசத்திலை அவனை எடுத்துப்போட்டுப் புதுக்கால் ஒண்டை விட்டிருக்கோணும். கோச் என்ன செய்தவன்? கோட்டுப் பைக்குள்ளை கையை விட்டுக்கொண்டு நிண்டவன்" என்பார் அண்ணை.

"விட்டும் தோத்திருந்தால்?"

"அது மரியாதையான தோல்வி."

இந்தச் சட்டம் மைதானத்தோடு நிற்கவில்லை. சமையல் முறை யாருடையதாக இருந்தாலும், குழம்பு இறக்கப் பத்து நிமிசம் கிடக்கையில் அகப்பையைப் பிடுங்கி இன்னொருவன் கையில் கொடுப்பார். வந்தவன் தன் பங்குக்கு உப்புப் போடுவான். அந்த அறையில் ஒற்றை உப்புப் போட்ட குழம்பு நாங்கள் சாப்பிட்டதேயில்லை. வேலை செய்த உணவகத்தில், கடைசி மேசைகளுக்கு மீன் பொரிக்கிறவரை மாற்றினால் நல்லது என்று முதலாளிக்குக் கையாலும் கண்ணாலும் விளக்கினார். முதலாளி யோசித்துப் பார்த்து மறுநாள் ஆள் மாற்றினார். மாற்றப்பட்டது அண்ணை.

எங்கள் ரீமுக்குக் கோச்சாக வேறு யாரைப் போடுவது? விசிலை அவரிடம் கொடுத்தோம். வாங்கிய அன்று அதை வெந்நீரில் கழுவி, தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார். பெண்சாதி பிள்ளைகள் மன்னாரில். அவர்களைக் கூப்பிட வதிவிடக் கார்த் இன்னும் கிடைக்கவில்லை. பாரிஸில் அவருடையது என்று சொல்ல அந்த விசில்தான் இருந்தது.

புறநகர்ப் பக்கத்துக் கார்ஜ் லே கொனெஸ் பெடியளிடம் இரண்டு தரம் தோற்றோம். மூன்றாம் தரமும் தோற்றால் விசிலைத் திருப்பித் தரவேண்டும் என்று அவருக்கு முதலே சொல்லிவைத்தோம். சொன்னவன் நான்தான். ஏனென்றால் நான்தான் பத்தாம் நம்பர். ஆட்டத்தைப் பார்த்துத் தந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சட்டைதான் எனக்கு அளவு.

பன்னிரண்டாம் ஆள் நோபேட். முப்பத்திரண்டு வயது, வாட்டசாட்டமான உடம்பு. பந்தைக் கண்டால் அவனுடைய இரண்டு காலும் தங்களுக்குள் சண்டை பிடிக்கும். ஒவ்வொரு மாட்ச்சுக்கும் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்பான். ஒருநாளும் இறக்கியதில்லை. "நோபேட்டை இறக்கிறதெண்டால் மற்றப் பக்கத்துக்குத்தான் இறக்கோணும்" என்று அண்ணையே சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் மாட்ச் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சென் தெனி மைதானத்தில், எண்பதாம் நிமிசம் இரண்டுக்கு ஒன்று என்று முன்னுக்கு நின்றோம். அண்ணை விசில் ஊதி என்னைக் கூப்பிட்டார்.

"வெளியிலை வா. நோபேட், நீ போ."

நோபேட் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்த்தான். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே ஓடினான். முதல் ஐந்து நிமிசமும் மத்தியஸ்தம் பார்த்த றெப்ரிக்குப் பின்னால்தான் ஓடினான். அவன் விட்ட இடைவெளியால் கார்ஜ் இரண்டு கோல் போட்டது. கடைசியில் எப்படியோ அவன் காலடிக்கு ஒரு பந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நோபேட் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். தோற்ற ரீமில் அப்படிச் சிரித்த ஒருவனை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

றெயிலில் நோபேட்தான் கதைத்துக்கொண்டு வந்தான். "அண்ணை, அந்தப் பந்து ஒரு சாண் உள்ளுக்குப் போயிருந்தால்?"

"கோல்தான்" என்றார் அண்ணை, யன்னலைப் பார்த்துக்கொண்டு.

வந்து இறங்கியதும் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று தனியே போனார். திரும்பி வந்து நோபேட்டுக்குச் சோறு போட்டார். மீன் துண்டு இரண்டாம் தரமும் வைத்தார். அவன் கை கழுவியதும் தோளில் கை போட்டுப் படியால் கூட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்கு வராது. ஊரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன நோபேட்டின் தமையனை நேவி சுட்டுப்போட்டது. ஊர்ப் போன் எல்லாம் வருகிற அந்தத் தமிழ்க்கடைக்கு இப்போதுதான் செய்தி வந்தது என்று அண்ணை எங்களிடம் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை பொறுத்திருந்தோம். அவ்வளவு நாகரிகம் எங்களுக்கு இருந்தது. மறுநாள் நான் குற்றப்பத்திரிகையை வாசித்தேன். வென்றுகொண்டிருந்த மாட்ச்சில் பத்தாம் நம்பரை எடுத்தது ஏன்? எடுத்தாலும் நோபேட்டையா விடுவது? ஒவ்வொரு கேள்விக்கும் படம் இருந்தது. அண்ணை படங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தார். வாக்கெடுத்தோம். நோபேட் மட்டும் அவர் பக்கம் கையைத் தூக்கினான். அண்ணை விசிலைச் சட்டை நுனியால் துடைத்து என் கையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் ரீவிக்கு முன்னால் வாயே திறக்கவில்லை. கோச்மார் கையை வீசுவார்கள், வாயைத் திறப்பார்கள், மூடுவார்கள். யோகன் ஒருநாள் அண்ணையைப் போலப் பேசிப் பார்த்தான். இரண்டு வசனத்துக்கு மேல் போகவில்லை, ரீவியை நிற்பாட்டிவிட்டான்.

அடுத்த வருசம் ரூ பெர்தொனேயில் அதே தமிழ்க்கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோது கடைக்காரர் பழங்கதை எடுத்தார்.

"நோபேட்டின்ர தமையன்ர செய்தி வந்த நாளை மறக்க ஏலாது. கடை திறந்த கையோடை போன்."

"பின்னேரமெல்லோ வந்தது?"

"ஆர் சொன்னது? காலமை. உங்கடை கோச் மாட்ச்சுக்குத் தோடம்பழம் வாங்க வந்து நிண்டவர். அவரட்டைத்தான் சொன்னனான். 'வெறும் வயித்தோடை இருக்கிறவனுக்குச் சொல்லக்கூடாது. பின்னேரம் சாப்பிட வைச்சுட்டுச் சொல்லுறன், நீங்கள் வாய் திறக்காதேங்கோ' எண்டவர்."

சாமான் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். அண்ணை தன் புது வேலையிடத்தின் பின்கதவடியில் வாளியைக் கவிழ்த்து, அதில் குந்தியிருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, காலமையே தெரியுமோ உங்களுக்கு? அதுதான் நோபேட்டை இறக்கினனீங்களோ?"

கிழங்குத் தோல் நீளமாக இறங்கியது.

"விசிலைப் பறிக்கேக்கையாவது சொல்லியிருக்கலாமெல்லோ. என்னை ஏன் எடுத்தனீங்கள் எண்டு அத்தனை பேருக்கு முன்னாலை கேட்டனானே."

அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டு அண்ணை சொன்னார்:

"உனக்கு மூச்சு வாங்கினது."