பதினொண்ணு அக்காவும் நாலாவது கத்திரிக்கோலும்

பினாங்குத் தீவில் பதினொண்ணு அக்காவை ஏமாற்றி ஒரு கத்திரிக்கோலை வெளியே கொண்டுபோன ஆள் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும், தொப்புள்கொடி வெட்டிய கத்திரிக்கோல் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டதா என்று பிரசவ வார்டுக்குப் போன் போட்டு விசாரிக்காமல் அக்கா விடமாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் பெரிய டாக்டரிலிருந்து கேட்டில் காவல் நிற்கும் ஜாகா வரைக்கும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவர் வேறு. இருந்தும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று தெரியாமல் புதிதாக வரும் நர்ஸ்கள் குழம்பிப் போவார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஜார்ஜ்டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஆக்குப்பேஷனல் தெரப்பிஸ்ட். கல்யாண வீடுகளில் இந்த உத்தியோகத்தின் பெயரைச் சொன்னால் இரண்டு விதமாகப் பேச்சு வரும். "வேலை வாங்கிக் குடுக்குற ஆபீஸா? எம்பையன் சும்மாதான்லா இருக்கான், பாருங்களேன்" என்பது ஒன்று. "அங்கேயா வேலை? பயமா இல்லையா?" என்பது மற்றது. முதலாவதுக்குச் சிரித்து வைப்பேன். இரண்டாவதுக்கு, "பயம்தான், எங்க அக்காவ நினைச்சு" என்பேன்.

மருந்து கொடுப்பது டாக்டர் வேலை. அந்த மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, மனுஷன் மறுபடி காலையில் எழுந்து, குளித்து, ஒரு கோப்பி கலக்கிக் குடித்து, பஸ் பிடித்துப் போய் ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்க வேண்டுமே, அது எங்கள் பாடு. அதனால் எங்கள் அறையில் அடுப்பு இருக்கும், தையல் மிஷின் இருக்கும், துணி, காகிதம், பசை எல்லாம் இருக்கும். நுனி மழுங்கிய கத்திரிக்கோல்கள் பதினொன்று இருக்கும்.

கத்தி, ஊசி, கத்திரிக்கோல் எதுவானாலும் எடுக்கும்போது எண்ண வேண்டும், வைக்கும்போது எண்ண வேண்டும், கணக்குச் சரியாகும் வரை கதவைத் திறக்கக்கூடாது. இது எங்கள் தொழிலில் எல்லா இடத்திலும் உள்ள சட்டம்தான். மற்ற நாங்களெல்லாம் கண்ணால் எண்ணிவிட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவோம். அக்கா அப்படியா? ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ஒருதரம் திறந்து மூடி, நலம் விசாரிக்கிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார். கடைசியாக "பதினொண்ணு!" என்று அவர் போடும் சத்தத்தில் மேல்மாடி வார்டில் பாதிப்பேரின் மதியத் தூக்கம் கலைந்துவிடும்.

வேலையை ஆஸ்பத்திரியோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ரகமும் இல்லை அவர். ஒருதரம் மகனுடைய பிறந்தநாளுக்குக் கெலுகோரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கேக் வெட்டினோம், பிரியாணி சாப்பிட்டோம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். வாசலில் கையை விரித்துக்கொண்டு அக்கா. "கேக் கத்தியக் காணோம். யாரும் போகக்கூடாது."

"அக்கா, இது உங்க வீடுக்கா," என்றேன்.

"எந்த வீடா இருந்தா என்னண்ணே? கத்தி கத்திதான்."

இருபது நிமிஷம் சோபா மெத்தைகளைத் தூக்கித் தேடினோம். கத்தி கேக் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அவருடைய வீட்டுக்காரர், பாவம், இதெல்லாம் பழகிப்போன முகத்தோடு ஓரமாக நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் கடையில் சோறு சாப்பிடப் போனால் இன்னும் மோசம். ஒருநாள் கடைக்காரர் பொரித்த கோழியைக் கத்திரிக்கோலால் சரக் சரக்கென்று வெட்டிப் போட்டுவிட்டு, அதை எங்கேயோ குழம்புச் சட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பாய், கத்திரிக்கோல எங்க வச்சீங்க?"

"எதுக்கும்மா? இன்னும் வெட்டணுமா?"

"இல்ல பாய், இருக்கான்னு மட்டும் காட்டுங்க."

அவர் தேடி எடுத்துத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அக்கா அடுத்த வாயே எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கடைக்குள் காலை வைத்தாலே, பாய் சலாம் சொல்வதற்கு முன்னால் கத்திரிக்கோலை உயர்த்திக் காட்டிவிடுவார்.

எங்கள் நோயாளிகள் செய்த கைவேலைப் பொருட்களைக் கண்காட்சி வைத்தபோது, கோலாலம்பூரிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் ஒருவர் ரிப்பன் வெட்ட வந்தார். வெட்டினார், கைதட்டினோம், படம் எடுத்தோம், போய்விட்டார். பெட்டியில் பத்துதான் இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார் பாருங்கள், ஜாகா மிரண்டுபோய் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டார். வெளியே போகப் பார்த்த டத்தோவின் காடி, கார்தான், அங்கேயே நின்றது. அக்கா கண்ணாடியைத் தட்டி, மூச்சு வாங்க, "டத்தோ, பாக்கெட்டு" என்றார். அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தபோது எங்கள் பெரிய டாக்டரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதை மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள், டத்தோ பேச்சுக்குத் தட்டியதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

அப்படிக் கைதட்டியவர்களில் ஒருவர்தான் செல்வம் அண்ணன். வயது ஐம்பதுக்கு மேல். திரைச்சீலை தைக்கிற தொழிலாளி. நோய் முற்றியிருந்த சமயத்தில், தங்கை வீட்டில் இருந்த சேலைகளையெல்லாம், கல்யாணப் பட்டு உள்பட, துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டார். சேலைகளுக்குள்ளிருந்து யாரோ தன்னைக் கூப்பிடுவதாக அவருக்குக் கேட்டதாம். அடைத்துக் கிடக்கிறவரை வெளியே விடத்தான் வெட்டினேன் என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு.

மருந்தில் நன்றாகத் தேறிவிட்டார். வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் போவதற்கு இருந்த ஒரே வீடு கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் தங்கை பார்வதியின் வீடுதான். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை பார்க்கும் பெண், வீட்டில் இரண்டு பிள்ளைகள். "எங்கண்ணன் எனக்கு வேணும்க்கா. ஆனா அவரு கையில கத்திரிக்கோலப் பார்த்தா எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது" என்று அக்காவிடம் போனில் அழுதாள். அவள் மாட்டேன் என்றால் செல்வம் அண்ணனுக்கு வேறு வழி கிடையாது. யாரையும் தெரியாத ஏதாவது ஒரு இல்லத்துக்குத்தான் போக வேண்டும்.

"கண்ணால பார்த்தா நம்புவா. வியாழக்கிழமை வரச் சொல்லுங்கண்ணே," என்றார் அக்கா.

வந்தாள். எங்கள் அறை ஜன்னலுக்குச் செல்வம் அண்ணன் திரைச்சீலை வெட்டித் தைக்கிறார், தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள், இதுதான் ஏற்பாடு. அவர் கை துணியில் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது எனக்கே தெரிந்தது. வந்தவளுக்கு உபசாரம் செய்ய வேண்டாமா? முறுக்குப் பாக்கெட் ஒன்றை வெட்டி, தட்டில் கொட்டி, அவள் முன்னால் வைத்தேன். தைத்து முடித்ததும், "அண்ணே, மடிப்பு அப்படியேதான் இருக்கு, மாறவே இல்ல" என்று பார்வதி சிரித்தாள். செல்வம் அண்ணனும் சிரித்தார்.

அக்கா எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு என்று வந்து பத்தில் நின்றார். மறுபடி எண்ணினார். பத்துதான்.

பார்வதி மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் செல்வம் அண்ணன் எழுந்து, சட்டைப் பையையும் காற்சட்டைப் பையையும் வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான் என் கை தற்செயலாகச் சட்டையின் கீழ்ப்பையில் பட்டது.

வியாழக்கிழமை அரசாங்க ஊழியர்கள் பூப்போட்ட பாத்தேக் சட்டை போடுகிற நாள். என்னுடைய மற்றச் சட்டைகளில் கீழ்ப்பை கிடையாது. பாத்தேக்கில் இரண்டு உண்டு. வலது பைக்குள் இருந்தது, முறுக்குப் பாக்கெட்டை வெட்டிய கத்திரிக்கோல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடனே நான் எடுத்துக் காட்டவில்லை. இருபது வருஷ சர்வீஸ், ரிப்போர்ட் எழுதுவார்கள், மானம் போய்விடும், மேசைக்கு அடியில் மெதுவாகப் போட்டுவிட்டால் என்ன என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஒரு ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியும் அந்த மனுஷன் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"செல்வண்ணே, கையக் கீழ போட்டுட்டு உக்காருங்க," என்றார் அக்கா. "இங்க மொதல்ல வேலை பாக்குறவங்க பாக்கெட். அப்புறந்தான் மத்தவங்க."

அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவர் போட்ட சட்டம் அது. தன் பையை மேசைமேல் கவிழ்த்தார். பேனா ஆறு, தைலம், புளிப்பு மிட்டாய், மகனுடைய ஒற்றைக் காலுறை எல்லாம் விழுந்தன. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எடுத்து வைத்தேன்.

"பதினொண்ணு," என்றார். அன்றைக்கு மட்டும் சத்தமே வரவில்லை.

என்னை ஒரு வார்த்தை திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அழுதது பார்வதி. "இந்தண்ணன் எனக்கு முறுக்கு வெட்டிக் குடுத்துட்டு அதப் பையில போட்டத நான் பார்த்தேங்க்கா. என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டும் எங்கண்ணனைத்தானே திரும்பிப் பார்த்தேன்!" என்று விசும்பினாள். செல்வம் அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல், தைத்த திரைச்சீலையின் ஓரத்தை எடுத்து அவள் கண்ணைத் துடைக்கப் போனார். "யோவ், புதுசுய்யா அது!" என்று அக்கா கத்த, அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவோடு ஓர் ஒப்பந்தம்: வீட்டில் இருப்பது நான்கு கத்திரிக்கோல், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிப் பார்த்து 'நாலு' என்று செய்தி அனுப்ப வேண்டும். பார்வதியின் பயத்துக்கு அக்கா எழுதிக் கொடுத்த மருந்து அது. அனுப்பினாள். மாதக்கணக்கில் தவறாமல் வந்தது. எனக்கு அக்கா கொடுத்த தண்டனையைப் பற்றிக் கேட்கிறீர்களா? ரிப்போர்ட்டை ஒரு எழுத்து விடாமல் எழுதினார். போதாததற்கு, என்னுடைய எல்லா பாத்தேக் சட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி, கீழ்ப்பைகளைத் தைத்து மூடிவிட்டார்.

திடீரென்று ஒருநாள் செய்தி வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் பார்வதிக்குப் போன் போட்டால் லைனே போகவில்லை. அக்காவின் முகம் வெளுத்துப் போய்விட்டது. "காடிய எடுங்கண்ணே!" கடல் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் பார்வதிக்கு மறுபடி மறுபடி போன் போட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் போய் நின்றால், உள்ளே தையல் மிஷின் சத்தம். செல்வம் அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "வாங்க வாங்க" என்று எழுந்தார். பார்வதி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஐயோ, போனு சார்ஜ் இல்லாம கெடக்குக்கா."

"நாலு எங்க?" என்றார் அக்கா, உட்காரக்கூட இல்லை.

பார்வதி திருதிருவென்று முழித்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "எண்ணவே இல்லக்கா. மறந்தே போயிட்டேன். பயந்தாதானே ஞாபகம் வரும்?"

அக்காவின் கண் தன்னால் வேலையை ஆரம்பித்துவிட்டது. மிஷின் மேல் ஒன்று. டிவி பக்கத்தில் ஒன்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் நீட்டிக்கொண்டு ஒன்று. உதடு அசைந்து மூன்றோடு நின்றது. நான் காத்திருந்தேன். சோபாவைத் தூக்கச் சொல்வார், வாசலை மறிப்பார் என்று பார்த்தேன். அக்கா பேசாமல் உட்கார்ந்து, பார்வதி கொடுத்த தேத்தண்ணியை நிதானமாகக் குடித்தார்.

திரும்பி வரும்போது, பாலத்தில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, மூணுதான் பார்த்தேன்."

"திரும்பிப் போவமாக்கா?"

கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்லா. வீட்டுலதான் எங்கயாவது இருக்கும்," என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

போன வருஷம் அக்கா அக்கரைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது தினமும் நான்தான் எண்ணுகிறேன், ஒவ்வொன்றையும் திறந்து மூடி, மேல்மாடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. எனக்குத் தெரிந்த நல்ல மனுஷர்களை எண்ணிச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் பதினொண்ணிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.